தொண்ணூறு நாள் அம்மா

என் தங்கை ரொறன்ரோவுக்கு வருகிறாள் என்றால் எங்கள் வீட்டில் யாருக்கும் பெரிய சந்தோஷம் இல்லை. அவளுக்கும் இல்லை. அவள் எங்களைப் பார்க்க வருவதில்லை. பிரான்சுக்கு வெளியே நிற்க வேண்டிய காலத்தைக் கழிக்க வருகிறாள்.

கோயிலில் சனம் கேட்கும்போதெல்லாம் இதை முதலில் இருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. நான் அதிகம் கதைக்கிறவள் இல்லை. அதனால் இங்கே ஒருமுறை எழுதி வைக்கிறேன். தங்கையிடம் இருப்பது பிரிட்டிஷ் பாஸ்போட். அவளுக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் லண்டனில். மகள் பாரிசுக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் கணவனோடு இருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு நரம்புகள் மெல்ல மெல்லச் செயல் இழந்துகொண்டு போகிற வருத்தம். முதலில் கால் தடக்கியது, பிறகு ஊன்றி நடக்கிற பொல்லு, இப்போது சக்கர நாற்காலி. பிரிட்டன் ஐரோப்பாவை விட்டுப் பிரிந்த பிறகு பிரிட்டிஷ் பாஸ்போட்காரர் அங்கே நூற்றெண்பது நாளுக்குள் தொண்ணூறு நாள்தான் நிற்கலாம். அதற்கு மேல் நிற்க வேண்டுமென்றால் அங்கே குடியிருப்பவர் என்ற கார்ட் வேண்டும். என் தங்கையிடம் அந்தக் கார்ட் இல்லை. ஆகவே மூன்று மாதம் மகளோடு, மூன்று மாதம் வெளியில்.

வெளியில் என்றால் லண்டனுக்குப் போகலாம்தானே என்று கேட்பார்கள். அங்கே மகன் வீட்டுக் கடனுக்காக மேல்மாடி அறைகளை வாடகைக்கு விட்டுவிட்டு, குடும்பத்தோடு கீழே ஒடுங்கிக்கொண்டிருக்கிறான். தங்கை போனால் சோபாவில் படுக்க வேண்டும். அதுவும் மருமகள் தொலைக்காட்சியை நிற்பாட்டிய பிறகு. அதனால் பாதிக் காலம் அங்கே, பாதிக் காலம் ரொறன்ரோவில், வெக்ஸ்போர்டில் என் அறையில். என் மகன் ஒரு மடக்குக் கட்டில் வாங்கிப் போட்டான். நான் அலுமாரியில் ஒரு தட்டை ஒதுக்கிக் கொடுத்தேன். அவள் அதில் ஒரு துணியும் வைத்ததில்லை. சூட்கேஸிலிருந்து எடுப்பாள், தோய்த்துக் காய்ந்ததும் மடித்துத் திரும்பவும் சூட்கேஸிலேயே வைப்பாள். அவளுடைய போனில் பாரிஸ் நேரமே ஓடும். எங்களுக்கு விடிகிற நேரம் அவள் மகளுக்கு மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பாள்.

அவள் எப்படி இந்த நிலைக்கு வந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

தங்கையும் புருஷனும் ஊரில் சண்டை நடந்த காலத்தில் லண்டனுக்கு அகதியாகப் போனவர்கள். அவள் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவினாள். பிறகு பிரசாவுரிமை கிடைத்தது. புருஷன் செத்துப் போனார். மகளைப் பாரிசில் கட்டிக் கொடுத்தாள். மகளுக்கு வருத்தம் என்று தெரிந்ததும் ஒரு பையோடு பஸ் ஏறிப் போனவள், அங்கேயே நின்றுவிட்டாள். அந்த நேரத்தில் எல்லையில் பாஸ்போட்டைக் காட்டினால் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்களாம். முத்திரை இல்லை, கேள்வி இல்லை. ஏழு வருஷம் அப்படியே போயிற்று. மகளைக் குளிக்க வார்த்து, உடுப்புப் போட்டு, சோறு குழைத்துக் கொடுத்து, நாற்காலியில் இருத்தி, நாற்காலியிலிருந்து தூக்கி.

ஆனால் அவளுடைய பெயர் மட்டும் லண்டனிலேயே இருந்தது. டொக்டர் லண்டனில், பென்ஷன் லண்டனில், வங்கி லண்டனில், வாக்கு லண்டனில். எல்லாம் மகனுடைய வீட்டு விலாசத்தில். எங்கள் சனத்துக்கு இப்படி ஒரு பழக்கம் உண்டு. ஓர் இடத்தை விட்டுப் போனாலும் அங்கே இருக்கிற பெயரை வெட்டமாட்டோம். ஓடி ஓடி வந்த சனம். நிற்கிற இடம் எப்போது போகும் என்று தெரியாமல், பழைய இடத்தில் ஒரு காலை ஊன்றிக்கொண்டுதான் புது இடத்தில் மற்றக் காலை வைப்போம். அதைக் கெட்டித்தனம் என்று நினைத்தோம். மருமகனும் அப்படித்தான் சொன்னானாம்: லண்டன் விலாசம் இருக்கட்டும் மாமி, ஒரு அவசரத்துக்கு உதவும். பிரான்சில் வீடு மருமகனுடைய பெயரில், கரன்ட் அவனுடைய பெயரில், அவளுடைய போன்கூட அவனுடைய பெயரில். பிரஷர் குளிசை லண்டனிலிருந்து வான் வண்டியில் வருகிற ஆட்களிடம் வரும். ஒரு தடவை காலில் கொதிநீர் ஊற்றுப்பட்டபோதுகூட அவள் அங்கே ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பெயர் பதிந்தால் பிறகு லண்டனில் ஏதும் வெட்டிப்போடுவார்கள் என்று பயம்.

பிறகு பிரெக்ஸிட் வந்தது. அங்கே இருக்கிற பிரிட்டிஷ்காரர் எல்லோரும் கடைசித் தேதிக்கு முன்னால் கார்டுக்குப் போட வேண்டும் என்றார்கள். போன் கார்ட் விற்கிற கடையொன்றின் பின்பக்கத்தில் எங்கள் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற ஒரு தம்பி இருந்தானாம். தங்கை அவனிடம் போனாள். நீங்கள் இங்கே இருந்ததற்கு ஒரு தாள் காட்டுங்கள், எதுவென்றாலும் பரவாயில்லை, உங்களுடைய பெயர் இருந்தால் போதும் என்று அவன் கேட்டிருக்கிறான். அவள் வீடு முழுக்கத் தேடினாள். ஒன்றும் இல்லை. கோயில் அர்ச்சனைச் சிட்டைகள் ஒரு கட்டுக் கிடைத்தன. கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதிலெல்லாம் மகளுடைய பெயரும் நட்சத்திரமும்தானே இருக்கிறது என்றானாம்.

"ஏழு வருஷமா இந்தப் பிள்ளையை நான்தான் தூக்கி இறக்கிறன்," என்று அவனிடம் சொன்னாளாம். "அதுக்கு ஆர் தம்பி எனக்குத் தாள் தாறது?"

இருந்தும் விண்ணப்பம் போட்டார்கள். பிறந்தநாள் படங்களை வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு கடிதம் வாங்கினார்கள். மறுத்துவிட்டார்கள். பிறகு லண்டனிலிருந்து, மகள் வீட்டுச் செலவில் தங்கியிருக்கிற தாய் என்று நீண்டகால விசாவுக்குப் போட்டார்கள். அதற்கும் இல்லை என்று வந்தது. அந்தக் கடிதத்தை இங்கே கொண்டுவந்து காட்டினாள். அவள் எட்டாம் வகுப்பு, நான் ஐந்தோடு நின்றவள். பிரெஞ்சு எங்களுக்கு எங்கே விளங்கும்? என் மகன் போனில் படம் பிடித்து மொழிபெயர்த்துச் சொன்னான். உங்களுக்குச் சொந்தப் பென்ஷன் இருக்கிறது, லண்டனில் மகனும் விலாசமும் டொக்டரும் இருக்கிறார்கள், நீங்கள் மகளில் தங்கியிருப்பவர் இல்லை. அதுதான் சங்கதி. தங்கை தலையாட்டினாள்.

"பிழை ஒண்டும் இல்லை," என்றாள். "நாங்கள் எழுதிக் குடுத்ததைத்தானே அவங்கள் வாசிச்சிருக்கிறாங்கள்."

அவளுக்கு வாய் கொஞ்சம் கூட. சின்ன வயதிலேயே அப்படி. எனக்கு ஒரு சொல் வெளியே வருமுன் அவளுக்குப் பத்து வரும். பாரிஸ் விமான நிலையத்தில் பிற நாட்டவருக்கென்று ஒரு வரிசை இருக்கிறதாம். முன்பு அதில் நின்றவள் இல்லை. இப்போது அதில் வெள்ளை ஆங்கிலேயர்களும் நிற்கிறார்கள். ஒருமுறை ஒரு வயசான மனிசனும் மனிசியும் பக்கத்தில் நின்றார்களாம். ஓய்வெடுத்த பிறகு பிரான்சில் தெற்குப் பக்கம் சின்ன வீடு வாங்கித் தோட்டம் வைத்தவர்கள். அவர்களும் ஊரில் விலாசத்தை வைத்துக்கொண்டு போய் வந்தவர்கள்தான். தக்காளி பழுக்கிற நேரம் எங்களுக்கு நாள் முடிந்துபோகிறது என்று அந்த மனிசன் கண் கலங்கிச் சொன்னாராம். தங்கை அதை என்னிடம் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

"என்ரை பிள்ளையும் அவரின்ரை தக்காளியும் ஒரே வரிசையிலை நிக்குது, அக்கா."

நான் சிரிக்கவில்லை. அவளும் பிறகு சிரிக்கவில்லை.

போன வருஷம் குளிர் தொடங்கும்போது வந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை மகன் எங்களை றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். நான் வழக்கம்போலத் தூணோரம் இருந்தேன். அவள் முன்னால் போய் மகளுடைய பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். சாப்பாட்டு மண்டபத்தில் எங்கள் ஊர்க்காரி ஒருத்தி பிடித்துக்கொண்டாள். நல்ல மனிசிதான், ஆனால் கேட்காமல் விடமாட்டாள்.

"பிரிட்டிஷ் பாஸ்போட்டை வைச்சுக்கொண்டு அகதி மாதிரி நாடு நாடாத் திரியிறியே," என்றாள்.

"அகதியா வரேக்கை இரு எண்டு சொன்னவங்கள்," என்றாள் தங்கை, தட்டிலிருந்து நிமிராமல். "சிற்றிசனாப் போன பிறகுதான் வெளிக்கிடு எண்டிறாங்கள்."

ஊர்க்காரி சிரித்துவிட்டுப் போய்விட்டாள். காரில் வரும்போது மகன் ஆறுதலுக்கு, சித்தி, கனடாவில் நீங்கள் ஆறு மாதம் நிற்கலாம், அவசரப்படாதேங்கோ என்றான். அவனுக்கு அது ஒரு நல்ல செய்தி.

அந்தக் குளிர்காலத்தில்தான் அது நடந்தது.

பிரான்சில் வருத்தக்காரருக்கு வீட்டுக்கு வந்து குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி விடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். தங்கையின் மகளுக்கும் ஒரு ஆபிரிக்கப் பிள்ளை வந்துகொண்டிருந்தாள். மருமகன் சாப்பாட்டுக் கடையில் சமைக்கிற கோக்கி. காலையில் போனால் நடுவில் ஒருமுறை ஓடி வருவான், பிறகு இரவுதான். அதனால் அந்தப் பிள்ளை வருவது பெரிய உதவி. ஆனால் தங்கை ஒவ்வொரு முறை பாரிசுக்குப் போனதும் முதல் வேலையாக அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். பெற்ற தாய் வீட்டில் நிற்க, கூலிக்கு வந்த ஒருத்தி மகளைத் தொட்டுக் கழுவுவதா என்பது அவளுடைய எண்ணம். அதை நான் பிழை என்று சொல்லமாட்டேன். நான் போயிருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். எங்கள் பக்கத்தில் எந்தத் தாயும் அப்படித்தான் செய்வாள். பார்க்கிற சனம் என்ன சொல்லும் என்பது ஒரு பக்கம். கை சும்மா இருக்காது என்பது மற்றப் பக்கம்.

பாரிசுக்குத் திரும்பும் நாள் கிட்டிக்கொண்டிருந்தது. என் மகன் விமான ரிக்கற் போட்டுவிட்டான். தங்கை சூட்கேஸில் மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் அடுக்கிவிட்டிருந்தாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு முற்பகல், கட்டில் நுனியில் இருந்து மகளோடு கதைத்தாள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் போன் எப்போதும் சத்தமாகத்தான் இருக்கும். நான் ஜன்னலோரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

"அம்மா, ரிக்கற் போட்டாச்சோ?"

"ஓம். இஞ்சத்தை அண்ணை போட்டுத் தந்திட்டான்."



"இந்தமுறை வராதேங்கோ, அம்மா."

தங்கை போனைக் காதோடு சேர்த்தாள், கேட்டது பிழையோ என்பதுபோல. மகள் திரும்பவும் சொன்னாள். அழாமல், பாடமாக்கி வைத்ததைச் சொல்கிறவள்போலச் சொன்னாள். போனமுறை நீங்கள் வந்ததும் அந்தப் பிள்ளையை நிற்பாட்டினீர்கள். அவளுடைய நேரத்தை, அவளை அனுப்புகிற கந்தோரில் வேறொரு வருத்தக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் போன பிறகு திரும்பக் கேட்டால், வரிசையில் நில்லுங்கள் என்கிறார்கள். எத்தனையோ கிழமை ஒருவரும் இல்லை. இவர் வேலைக்குப் போன பிறகு நான் தனிய. ஒரு நாள் குளியலறையில் விழுந்து, இவர் வரும்வரை நிலத்திலேயே கிடந்தேன். மணிக்கட்டு உடைந்துபோயிற்று.

"நீ சொல்லேல்லையே," என்றாள் தங்கை. "நான் ஒவ்வொரு நாளும் போனிலை உன்னைப் பாத்தனான்தானே."

"முகத்தை மட்டும் காட்டினது ஏன் எண்டு நினைச்சனியள்?"

இப்போதுதான் அந்தப் பிள்ளை திரும்ப வரத் தொடங்கியிருக்கிறாள் என்றாள் மகள். நீங்கள் வந்தால் அவள் போய்விடுவாள். நீங்கள் போனால் பழையபடி நிலத்தில்தான் கிடப்பேன்.

"எனக்கு நாள் முடியாத ஆள் வேணும், அம்மா."

"நான் உன்ரை அம்மா."

"ஓம். தொண்ணூறு நாளைக்கு."

அதைச் சொன்ன பிறகுதான் மகள் அழுதாள். தங்கை அழவில்லை. வைக்கிறன் என்று சொல்லிவிட்டுப் போனைப் படுக்கையில் கவிழ்த்து வைத்தாள். நான் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆய்ந்த இலையையும் தண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டிருந்தேன்.

என் மருமகள் முதியவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கிற வேலை செய்கிறாள். சில நாட்களில் ஒஷாவா வரையும் ஓட வேண்டியிருக்கும். பின்னேரம் களைத்து வந்தவளிடம் தங்கை எல்லாவற்றையும் கொட்டினாள். பெற்ற தாயை வராதே என்கிறாள் என்றாள். எவளோ ஒருத்தி என் பிள்ளையின் உடுப்பைக் கழற்ற, நான் பார்த்துக்கொண்டு இருப்பதா என்றாள். மருமகள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பொதுவாக எங்கள் கதையில் தலையிடுவதில்லை.

"சின்ன மாமி, எங்களையும் சில வீட்டிலை அப்பிடித்தான் நிப்பாட்டுவினம்," என்றாள். "சொந்தக்காரர் வந்திட்டினம், இனி வேண்டாம் எண்டு. அடுத்த நாளே எங்களுக்கு வேறை வீடு தந்திடுவினம். பிறகு கூப்பிட்டாலும் நாங்கள் அங்கை இல்லை."

தங்கை அவளை உற்றுப் பார்த்தாள். அப்போதுதான் முதல்தரம் அவளுடைய கைகளைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். நாள் முழுக்கத் தண்ணீரிலும் சோப்பிலும் ஊறி வெடித்த கைகள். வேறு ஒன்றும் கேட்காமல் அறைக்குள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு சில நாட்கள் வீடு செத்தவீடுபோல இருந்தது. அவள் சமைக்கவில்லை. மகளிடமிருந்து போன் வந்தால் எடுப்பாள், சாப்பிட்டியோ என்று கேட்பாள், வைத்துவிடுவாள். ரிக்கற்றை மாற்றவா என்று மகன் மெதுவாகக் கேட்டான். அவள் போனில் பாரிஸ் நேரத்தைப் பார்த்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று இரண்டு மூன்று நாளாகச் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தேன். கடைசியில் தேத்தண்ணி கொடுக்கும்போது அது வெளியே வந்தது.

"அப்ப இஞ்சையே என்னோடை இரு, தங்கச்சி."

"எத்தினை நாளைக்கு, அக்கா?" என்றாள்.

அவள் என்னைக் குத்தவேண்டும் என்று கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். கனடாவுக்கும் ஒரு முத்திரை உண்டு, லண்டனில் ஒரு சோபா உண்டு, பிரான்சில் ஒரு வரிசை உண்டு. அவளுக்கு இருக்கிற இடம் என்று நான் எதைக் காட்ட?

ரிக்கற் நாளுக்கு ஒரு கிழமைக்கு முன் அவளே மகளைக் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திக் கதைத்தாள். நான் வருகிறேன், ஆனால் உன் வீட்டில் நிற்கமாட்டேன் என்றாள். அந்தப் பிள்ளை வழக்கம்போல வரட்டும். கோயிலில் பழக்கமான ஒரு மனிசி பக்கத்து ஊரில் இருக்கிறாள், அவளுடைய வீட்டில் ஒரு மூலை தருவாள். ஆட்கள் பார்க்க வருகிற மாதிரி பின்னேரத்தில் வந்து, பார்த்துவிட்டுப் போகிறேன். சமைக்கமாட்டேன். குளிக்க வார்க்கமாட்டேன். உங்களால் முடியுமா அம்மா என்று மகள் கேட்டாள். முடியாது என்றுதான் நானும் நினைத்தேன்.

பியர்சன் விமான நிலையத்தில் அவளை வழியனுப்பும்போது மிளகாய்த்தூள் பையை என் கையில் திருப்பித் தந்தாள். இனி அங்கே எனக்கு அடுப்பு இல்லையே என்றாள். வடையை மட்டும் கொண்டுபோனாள். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கூட அனுப்பவில்லை. எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவள் உள்ளே போகும்வரை நின்று பார்த்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

போய் இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டாள். பின்னணியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. எங்கே நிற்கிறாய் என்று கேட்டேன். மகளுடைய வீட்டு வரவேற்பறையில் என்றாள். உள்ளே அந்தப் பிள்ளை குளிக்க வார்த்துக்கொண்டிருக்கிறாள். கதவு பாதி திறந்திருக்கிறது. மகளுடைய கையில் இன்னும் கட்டு இருக்கிறது, அதில் தண்ணீர் படாமல் பொலித்தீன் பை சுற்றி, மெல்லமாகத்தான் செய்கிறாள் என்றாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது கண்ணுக்குக் கை மறைத்துப் பிடிக்கிறாள் என்றாள். என்னைவிட நல்லாகச் செய்கிறாளோ தெரியாது என்றும் சொன்னாள்.

நீ என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"இருக்கிறன், அக்கா. சப்பாத்துப் போட்டபடி இருக்கிறன்."

உள்ளே இரண்டு பேரும் எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்டது. என்ன கதை என்று கேட்டேன். பிரெஞ்சில் கதைக்கிறார்கள், தெரியாது என்றாள். பிறகு அவளுடைய குரல் இன்னும் தாழ்ந்தது.

"நான் வந்தவுடனை அந்தப் பிள்ளை குசினிக்குள்ளை போய் எனக்கு ஒரு கோப்பி போட்டுக்கொண்டு வந்தது. வந்த ஆளுக்குக் குடுக்கிற மாதிரி. சீனி எவ்வளவு எண்டு விரலைக் காட்டி என்னைக் கேட்டது."

குடித்தாயா என்று கேட்டேன்.

"குடிச்சன்," என்றாள். "குடிச்சுப்போட்டுக் கோப்பையைக் கழுவ எழும்பினன். இருங்கோ எண்டு கையைக் காட்டினது. இருந்திட்டன்."